ஃபோனை விடமுடியாத பிள்ளை: வளரிளம் மூளையைப் புரிந்துகொண்டு உதவ ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் கீழே சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டுவைப்பார்கள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அவசரப்பட்டுச் சென்ட்ரிங்கைப் பிரித்தால் தளம் தொய்யும், விரிசல் விடும்.

14 வயதுப் பிள்ளையின் மூளை இந்த நிலையில்தான் இருக்கிறது. ஆள் வளர்ந்துவிட்டான், மீசை அரும்பிவிட்டது, வாதத்துக்கு வந்தால் வக்கீல் தோற்றுப்போவார். ஆனால் ஆசையைத் தடுத்து நிறுத்தும் பகுதி இன்னும் இறுகவில்லை. அது முழுதாக இறுக ஏறக்குறைய 25 வயதாகிறது. அதுவரை முட்டுக் கொடுப்பது நம் வேலை. எந்த இடத்தில் கொடுப்பது, எவ்வளவு நாள் வைப்பது, எப்போது பிரிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் நான்காம் படியை மட்டுமாவது செய்யுங்கள். பாதிக் கிணறு அதிலேயே தாண்டிவிடும்.

தொடங்கும் முன்: மூளைக்குள் என்ன நடக்கிறது

நெற்றி எலும்புக்குப் பின்னால் இருப்பது முன்மூளைப் புறணி. பொறுத்திருப்பது, திட்டமிடுவது, 'இப்போது வேண்டாம், நாளைக்குப் பரீட்சை' என்று தன்னைத் தானே தடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர், ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1999-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பதின்பருவத்திலும் மூளையின் அமைப்பு பெரிய அளவில் மாறிக்கொண்டே இருக்கிறது என்று காட்டிய ஆய்வுகளில் அது முக்கியமானது. அடிக்கடி பயன்படும் நரம்பு இணைப்புகள் வலுக்கின்றன. பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. ஆக, இந்த வயதில் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்கு மூளை பாதை போட்டுக் கொடுக்கிறது.

மூளையின் ஆழத்தில், வெகுமதியைத் தேடும் பகுதியோ பருவமடையும்போதே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகிறது. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று அதற்குப் பெயர். ஆசை முந்திக்கொள்கிறது, அடக்கம் பின்னால் வருகிறது. இடையில் கிடக்கும் அந்தப் பத்து ஆண்டுகள்தான் நம் பிரச்சினை.

டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990-களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பாருங்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமைன் நரம்புகள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், சாறு வரும்போது அவை சும்மா இருந்தன. விளக்கு எரிந்ததுமே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. டோபமைன் எதிர்பார்ப்பின் கணக்கை வைத்திருக்கிறது. 'டிங்' என்ற நோட்டிஃபிகேஷன் சத்தம்தான் நம் பிள்ளைகளுக்கு அந்த விளக்கு. ரீல்ஸ் பார்த்து முடித்தபின் 'ஒண்ணுமே நல்லா இல்லை' என்று சொல்லிக்கொண்டே மறுபடி அதையே திறப்பதற்குக் காரணம் இதுதான். பிடித்திருப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு.

இதோடு பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் சோதித்த புறாக்களையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தியது. அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாததுதான் ஸ்க்ரோல் பண்ண வைக்கிறது. முடிவே இல்லாமல் ஓடும் திரையை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இந்தப் புறாவை மறந்துவிடாதீர்கள், ஆறாம் படியில் மறுபடி வரும்.

நண்பர்கள் சேர்ந்துவிட்டால் இழுப்பு இன்னும் கூடும். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கார் ஓட்டும் வீடியோ கேமைப் பதின்பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் கொடுத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் துணிந்து ஆபத்தை ஏற்பது மிகவும் கூடியது. பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2016-இல் 13 முதல் 18 வயதுள்ள 32 பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். தன் படத்துக்கு லைக் நிறைய விழுந்திருப்பதைப் பார்க்கும்போது அதே அக்கம்பென்ஸ் பகுதி கூடுதலாக இயங்கியது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 'ஃபோன் மூளையை அரித்துவிட்டது' என்று வாட்ஸப்பில் வரும் ஸ்கேன் படங்களை வைத்துப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். அதிகமாக விளையாடுகிறவர்களின் மூளையில் சில வேறுபாடுகளைக் கண்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேனை வைத்தவை. விளையாடியதால் மூளை மாறியதா, மூளை அப்படி இருந்ததால் அதிகம் விளையாடினார்களா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னும் இறுகாத மூளை என்பதில் நல்ல செய்தியும் இருக்கிறது. திருத்துவதற்கும் இதுதான் சரியான வயது.

படி 1: பெயர் சூட்டும் முன் அளந்து பாருங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் கோளாறு' சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று அடையாளங்கள்: விளையாட்டை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு போய்விடுவது, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே முதலிடம் பிடிப்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தபிறகும் தொடர்வது. இவற்றால் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதம் நீடித்திருந்தால்தான் நோய் என்பார்கள். ரீல்ஸுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ அதில் தனிப் பெயர் கிடையாது.

மணிக்கணக்கு அந்த அடையாளங்களில் இல்லை என்பதைக் கவனியுங்கள். விடுமுறையில் நான்கு மணி நேரம் விளையாடிவிட்டு, கூப்பிட்டதும் வந்து சாப்பிட்டு, சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போகிற பையனைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஒன்றரை மணி நேரம்தான் பார்க்கிறாள், ஆனால் அதற்காகத் தூக்கத்தையும் தோழிகளையும் விட்டுவிட்டாள், பொய் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றால் கவலைப்படுவேன். எப்படியிருந்தாலும் 'நீ அடிக்ட் ஆயிட்டே' என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். அந்த வயதில் கொடுக்கும் பட்டம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

படி 2: ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள்

ஆண்ட்ராய்ட் ஃபோனின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐஃபோனில் 'ஸ்க்ரீன் டைம்' என்று இருக்கும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை ஃபோனைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே கிடைக்கும். பிள்ளைக்குத் தெரியாமல் பார்க்காதீர்கள். 'வா, உன்னுடையதையும் என்னுடையதையும் பார்ப்போம்' என்று சொல்லி இரண்டையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது என் எண்ணிக்கை என் மகனுடையதைவிட அதிகமாக இருந்தது. அன்றைக்குத்தான் அவன் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தான்.

நேரத்தைவிட முக்கியம், எதற்குப் பிறகு ஃபோனை எடுக்கிறான் என்பது. ட்யூஷனிலிருந்து வந்ததுமா? மார்க் ஷீட் வந்த அன்றைக்கா? வீட்டில் சண்டை நடந்த ராத்திரியிலா? வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தினமும் திட்டு வாங்குகிற பையன், கேமில் ராங்க் ஏற்றி, ஸ்குவாடுக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, தலைவனாக இருப்பான். அவனுக்கு மதிப்புக் கிடைக்கும் ஒரே இடத்தைத்தான் நாம் பிடுங்கப் போகிறோம். இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

படி 3: சண்டையில்லாத நேரத்தில் பேசுங்கள்

கையில் ஃபோன் இருக்கும்போது ஃபோனைப் பற்றிப் பேசினால் வேலைக்காகாது. வண்டியில் போகும்போது, கறி நறுக்கும்போது, மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பேசலாம். முகத்தை நேருக்கு நேர் பார்க்காத பேச்சு இந்த வயதுக்குச் சுலபம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோரிடம் ஆலோசகர்கள் கேட்கும் ஒரு கேள்வி இங்கேயும் நன்றாக உதவுகிறது.

"ஃபோனைக் கொஞ்சம் குறைக்கணும்னு உனக்கே எவ்வளவு தோணுது? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லு கண்ணு."

"மூணு."

"சரி. ஏன் ஒண்ணுன்னு சொல்லலை?"

இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். 'ஏன் மூணுதான்?' என்று கேட்டால் குறைக்க முடியாததற்குக் காரணம் அடுக்குவாள். 'ஏன் ஒண்ணு இல்லை?' என்று கேட்டால், காலையில் தலை வலிக்கிறது, படித்தது மனதில் நிற்கவில்லை, மற்றவர்கள் படத்தைப் பார்த்தால் தன்மேல் வெறுப்பு வருகிறது என்று அவளே சொல்லுவாள். அவள் வாயிலிருந்து வந்த காரணம் நம் அறிவுரையைவிடப் பல மடங்கு வேலை செய்யும். அதைக் கேட்டதும் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: இரவிலிருந்து தொடங்குங்கள்

பகல் நேரத்துக்கு என்ன விதி என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் இரவைச் சரி செய்யுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. இந்த வயதில் உடலே சதி செய்கிறது. பருவமடைந்தபின் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது, அதனால் முன்புபோல 9 மணிக்கு அவர்களுக்குத் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனமோ திமிரோ கிடையாது. அந்த விழிப்பு நேரத்தில் கையில் ஃபோனும் இருந்தால் திரையின் வெளிச்சம் தூக்கத்தை இன்னும் தள்ளும். பரபரப்பான மேட்ச், பதிலுக்குக் காத்திருக்கும் சாட் எல்லாம் அதைவிடத் தள்ளும். காலையில் 6 மணி ட்யூஷன் மட்டும் தள்ளிப்போவதில்லை.

தூக்கம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது முன்மூளைப் புறணிதான். ஏற்கெனவே இறுகாத தடை இன்னும் தளர்கிறது. மறுநாள் ஃபோனை மறுக்கும் சக்தி இன்னும் குறைகிறது, மறுபடி இரவு கெடுகிறது. படித்ததை மூளை பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். தளத்தின் மேல் நிறுத்தும் தண்ணீரைப் போன்றது தூக்கம். அது இல்லாமல் எத்தனை முட்டுக் கொடுத்தாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். 'அலாரத்துக்குத்தான் ஃபோன் பக்கத்தில் வைக்கிறேன்' என்ற காரணம் அதோடு போய்விடும். படுக்கையறைக்கு வெளியே, ஹாலிலோ சமையலறையிலோ, ஒரே இடத்தில் எல்லா சார்ஜர்களையும் வையுங்கள். இரவு 9:30 மணிக்கு வீட்டில் உள்ள எல்லா ஃபோன்களும் அங்கே போக வேண்டும். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் உட்பட. இதில் பெற்றோருக்கு விலக்குக் கொடுத்த வீடுகளில் இந்தப் படி நின்று நான் பார்த்ததில்லை. வேலை காரணமாக இரவில் அழைப்பு வரும் என்றால், ஹாலில் இருந்தாலும் மணி அடிக்கும்.

பள்ளி வாட்ஸப் குரூப்பில் இரவு 10 மணிக்கு ஹோம்வொர்க் போடுகிறார்கள் என்றால், நான்கு பெற்றோர்கள் சேர்ந்து போய் வகுப்பாசிரியரிடம் மாலைக்குள் அனுப்பிவிடச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் புகார் ஆகிவிடும், நான்கு பேர் கேட்டால் கோரிக்கை.

இதைச் சட்டத்தாலேயே செய்ய முடியாதா என்று தோன்றும். தென்கொரியா செய்து பார்த்தது. 2011-இலிருந்து 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் விளையாடத் தடை போட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள், செல்பேசி கேம்கள் பெரும்பாலும் தடைக்குள் வரவே இல்லை. பத்தாண்டுக்குப் பின் அந்தச் சட்டத்தை அவர்களே கைவிட்டார்கள். ஹாலில் இருக்கும் சார்ஜர் அதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

மூன்று வாரம் இதை மட்டும் செய்யுங்கள். வேறு எந்த விதியும் வேண்டாம்.

படி 5: பகலில் விளக்கை அணையுங்கள்

குரங்குச் சோதனையின் விளக்கு நினைவிருக்கிறதா? அழைப்பையும் அவசியமான ஓரிரு செய்திகளையும் தவிர எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிடுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, அதை நிறுத்தியும் வைத்தால் முகப்புப் பக்கத்தில் வீடியோப் பரிந்துரைகள் வராது; தேடினால்தான் கிடைக்கும். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதும் சிலருக்கு உதவுகிறது. இவற்றைப் பிள்ளையின் கையாலேயே செய்ய வையுங்கள்.

கேம் விளையாடுகிறவர்களுக்கு நிமிடக் கணக்கில் விதி போடாதீர்கள். ஸ்குவாடாக ஆடும் மேட்ச் அரை மணி நேரம்வரை போகும். நடுவில் ஃபோனைப் பிடுங்கினால் அவன் மூன்று நண்பர்களை நட்டாற்றில் விட்டவனாகிறான், நண்பர்கள் பார்வை அந்த வயதில் என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். 'ஒரு மணி நேரம்' என்பதற்குப் பதில் 'இரண்டு மேட்ச்' என்று சொல்லுங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

கேமுக்குள் டைமண்ட் (விளையாட்டுக் காசு), ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) என்று பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தால் யூ.பி.ஐ. பின்னை இன்றே மாற்றிவிடுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அப்படி எதிலாவது பணம் போயிருப்பதாகத் தெரிந்தால் அடிக்கப் போகாமல், மோசடியா என்று பார்த்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

படி 6: இரண்டு வாரப் புயலைத் தாங்குங்கள்

குறைக்கத் தொடங்கியதும் எரிச்சல், அழுகை, கதவை அறைவது, சாப்பாடு வேண்டாம் என்பது எல்லாம் வரும். முதல் சில நாள் முன்பைவிட மோசமாகும். தீனி நின்றதும் புறா முதலில் இன்னும் வேகமாகத்தான் கொத்தும். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் உடைந்துபோகிறது. மூன்று நாள் உறுதியாக இருந்துவிட்டு, நான்காம் நாள் சத்தம் தாங்காமல் 'இந்தா, தொலை' என்று கொடுத்துவிடுகிறோம். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது, எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்றும் தெரியாது. அந்தப் புறாவுக்கு நடந்தது அப்படியே நடக்கிறது, இந்த முறை தீனி போடுவது நாம். அதனால் தளர்த்துவதானால் அமைதியான நேரத்தில், காரணம் சொல்லித் தளர்த்துங்கள். கத்தலுக்கு நடுவே ஒருபோதும் கொடுக்காதீர்கள். தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். 'குழந்தை அழுவுது, குடுத்துடேன்' என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

எடுக்கத் தூண்டும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். குளிக்கலாம், கடைக்குப் போய் வரலாம். அந்த இழுப்பு அலைபோல ஏறி இறங்குவதை இரண்டு முறை உணர்ந்துவிட்டால் பயம் போய்விடும்.

படி 7: காலியான இடத்தை நிரப்புங்கள்

'புத்தகம் படி' என்று சொல்வது போதாது. ஃபோனில் அவன் பெற்றது நண்பர்கள், போட்டி, படிப்படியாக உயரும் ராங்க். அதே பசியைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும்: சிலம்பம், கபடி, செஸ், பறை, பக்கத்துத் தெரு கிரிக்கெட் டீம். மாலை 5 முதல் 7 மணிவரை விளையாட விட வேண்டும். அந்த நேரம் ட்யூஷனுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு ட்யூஷனை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். மணிக்கணக்காக உட்கார்ந்தே இருந்த உடம்பு, இரவு 10 மணிக்கு ஃபோனில்தான் விளையாடப் போகும்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இரண்டு மாதம் முயன்றும் மாற்றமில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், அறையை விட்டு வருவதில்லை, பணம் திருடுகிறான், கை ஓங்குகிறான் என்றால் தள்ளிப்போடாதீர்கள். 'ஃபோனைத் தராவிட்டால் செத்துப்போவேன்' என்று ஒருமுறை சொன்னாலும் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், அன்றே உதவி கேளுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைகளே அழைக்க 1098 இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பல பிள்ளைகளுக்கு ஃபோனுக்குப் பின்னால் மனச்சோர்வோ, கவனக்குறைவுக் கோளாறோ, மனிதர்களைக் கண்டால் பதற்றமோ ஒளிந்திருக்கும். அதற்குச் சிகிச்சை கொடுத்தால் ஃபோன் தானாகவே இறங்கும். 'ஊர் என்ன சொல்லும்' என்று காத்திருக்கும் நேரம் பிள்ளையின் நேரம்.

படி 9: முட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

இதை எழுதத்தான் இந்த வழிகாட்டியையே ஆரம்பித்தேன். பிளஸ் டூ வரை ஃபோனே கொடுக்காமல், அல்லது எல்லாவற்றையும் லாக் போட்டு வைத்திருந்து, கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகும் அன்று புது ஃபோன் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நிறைய. எல்லா முட்டுகளையும் ஒரே நாளில் உருவுவது அது. 17, 18 வயதில் அந்தத் தளம் இன்னும் ஈரம்.

15 வயதில் நோட்டிஃபிகேஷன் முடிவுகளை அவனிடம் விடுங்கள். 16-இல் வார இறுதி நேரத்தை அவனே வகுக்கட்டும், ஞாயிறு இரவு சேர்ந்து கணக்குப் பாருங்கள். 17-இல் சனிக்கிழமை இரவு ஃபோன் அவன் அறையிலேயே இருக்கட்டும். தவறினால் ஒரு படி பின்னால் போங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி விடுங்கள். பரீட்சை முடிந்த முதல் வாரமும் மே மாத விடுமுறையும் கட்டாயம் சறுக்கும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரிக்கு முந்தைய கோடையில் நீங்கள் போட்ட பூட்டு எதுவும் அந்த ஃபோனில் இருக்கக் கூடாது. அவன் தானாகவே ஹாலில் கொண்டுபோய் வைக்கிறானா என்று பாருங்கள். வைக்காவிட்டாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லது, பேச இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது அந்த அலாரம் கடிகாரத்தையும் புது பேட்டரி போட்டு உள்ளே வையுங்கள்.